மருத்துவச்சி சொன்ன சொல்

“ஆண், பெண் என்பது ஆண்டவன் போட்ட எல்லை. வெள்ளைக்காரன் போனாலும் அது போகாது” என்று காஜா பெராங் ஊர்க் கோயில் தலைவர் பொன்னுதுரை முழங்கினார். பிறகு கோப்பியில் விழுந்த எறும்பை விரலால் எடுத்துப் போட்டார்.

நாடு விடுதலை பெறும் மெர்டேக்கா அன்று பெண்கள் விளக்கேந்திப் போகும் வரிசையில் கோகிலாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசத்தான் கூட்டம். கோகிலா கையில் விளக்கோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“உன் அப்பன் வச்ச பேரு கோபாலு. உடம்பு ஆம்பள உடம்பு. பொம்பளைங்க வரிசையில உனக்கென்ன வேல?”

“உடம்பு எப்படியோ போகட்டும் தலைவரே. நான் யாருன்னு எனக்குத் தெரியும்.”

“நீ சொன்னா ஆச்சா? பொறந்தன்னைக்கு மருத்துவச்சி வெளிய வந்து என்ன சொன்னாளோ, அதான் சாகற வரைக்கும். உனக்கு என்ன சொன்னா?”

கோகிலா தலைகுனிந்தாள். “ஆம்பளப் புள்ளைன்னு.”

“முடிஞ்சது. விளக்க வச்சிட்டுக் கெளம்பு.” தலைவர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

அவள் விளக்கைக் கீழே வைக்கக் குனிந்தபோது, பெண்கள் பக்கமிருந்து தலைவரின் அக்கா பூங்காவனம் எழுந்தாள்.

“இரு கோகிலா. ஏன் தம்பி, இந்தச் சட்டம் எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான்க்கா.”

“அப்ப நீயும் ஒரு விளக்க எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா.”

கோகிலா நிமிர்ந்தாள், விளக்கு அவள் கையிலேயே இருந்தது.

பொன்னுதுரைக்கு முன் பிறந்த ஆண் பிள்ளைகள் யாரும் தங்கவில்லை. எமனை ஏமாற்றுவதற்காக, மருத்துவச்சி அவரைப் பெண் என்றே தெருவுக்குச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேரும் வரை அவர் பொன்னுத்தாயி. மூக்குத்தி போட்ட துளை இன்னும் மூடவில்லை.