ஒரு முழம் நரம்பு

பஸ் டிரைவரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. அன்றைக்குத்தான் அவரைப் பொய்யன் என்று சொன்னேன்.

என்னுடையது தூண்டில் கடை. கடலில் கயாக் ஓட்டி மீன் பிடிப்பவர்கள்தான் வாடிக்கை. கயாக் என்றால் ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் படகு. பெரிய மீன் மாட்டினால் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. கயாக்கில் பிடித்த மீன்களில் மிக நீளமானது எதுவோ, அதன் அளவும் பிடித்தவர் பெயரும் அதில் இருக்கும். மீனைக் கடைக்குக் கொண்டுவந்து அளந்தால்தான் கணக்கு.

பலகையில் இருப்பது என் மனைவியின் பெயர். கடல் விரால், நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். முக்கால் மணி நேரம் அது அவளை இழுத்துக்கொண்டு திரிந்தது. பக்கத்து கயாக்கில் இருந்து பார்த்தவர் இந்த டிரைவர்.

"அக்கா, ஒருநாள் உங்க பேரை அழிச்சிட்டு என் பேரை எழுதறேன் பாருங்க" என்றார் அன்றைக்கு.

"முதல்ல கவிழாம உக்காரக் கத்துக்கோ தம்பி" என்றாள் அவள்.

அவளை அக்கா என்றதால் நான் கேட்காமலேயே அவருக்கு மாமா ஆகிவிட்டேன். அடுத்த வருடம் அவள் போய்விட்டாள். மாமா மட்டும் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் டிரைவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, கடலிலிருந்து நேராகக் கடைக்கு வந்து நிற்பார். தூண்டிலில் முள் இருக்காது.

"பெரிய விரால் மாமா. அக்கா மீனைவிடப் பெருசு. அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

கடைக்குள் சிரிப்பு கிளம்பும். பக்கத்துக் கடைத் தையல்காரர் இதற்காகவே காத்திருப்பார்.

"என்ன டிரைவரே, இந்தத் தடவையும் ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சா?"

"டிக்கெட் எடுக்காத மீன்ணே. அதான் குதிச்சிடுச்சு" என்று அவரும் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வந்தார். முகமெல்லாம் உப்பு.

"மாமா, இன்னைக்கு மாட்டினது மாதிரி என் ஆயுசுல பார்த்ததில்ல."

"எங்க?"

"போயிடுச்சு. அறுத்துக்கிட்டு."

தூண்டிலை வாங்கிப் பார்த்தேன். இது என் தொழில். தூண்டிலின் நைலான் இழையை நரம்பு என்போம். பாறையில் உரசி அறுந்தால் நரம்பு சொரசொரவென்று இருக்கும். இழுவை தாங்காமல் அறுந்தால் நுனி சுருண்டுகொள்ளும். இது வெண்ணெய் வெட்டியதுபோல் நேராக இருந்தது. ரீலில் நரம்பு நிறைந்திருந்தது. முள்ளும், ஒரு முழம் நரம்பும்தான் குறைவு.

எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. செத்துப்போனவளோடு இன்னும் என்ன போட்டி என்று தோன்றியது.

"தையல்காரரே, இங்க பாருங்க" என்று நுனியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். "இது மீன் அறுத்ததில்ல. கத்தி வச்சு வெட்டினது. மீனே மாட்டல. ஏன்டா பொய் சொல்ற?"

அத்தனை வருடத்தில் அவரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"சரி மாமா. பொய்னே வச்சுக்குங்க. ஒரு முள் கட்டிக் குடுங்க."

கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

பதினோராம் நாள், டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார்.

"அண்ணே, கயாக்கைப் பார்க்கப் பார்க்க மனசு கேக்கல. யாருக்காவது தள்ளிவிட்டுக் குடுங்க."

போய்ப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே கிடந்தது. மீனை அளக்க, டிரைவர் அதன் பக்கவாட்டில் அளவு நாடா ஒட்டியிருந்தார். நூற்று நாற்பத்திரண்டில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. மேலே 'அக்கா' என்று எழுதியிருந்தது.

கோட்டைத் தாண்டி ஏழு கத்திக் கீறல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. கடைசித் தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை.

"இது என்னம்மா?"

"பெருசா மாட்டினா, தண்ணியிலயே படகோட அணைச்சுப் பிடிச்சு அளப்பாராம். கோட்டைத் தாண்டிடுச்சுன்னா வாய்க்கிட்ட நரம்பை வெட்டி விட்டுடுவார். 'ஏங்க, பைத்தியமா உங்களுக்கு? கொண்டுபோய்க் காட்டினா என்ன'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'கொண்டுபோனா பேரை மாத்தியாகணும். மாமா தினம் கடையைத் திறந்ததும் முதல்ல அந்தப் பலகையைத்தான் தொடைக்கிறார்'னு சொன்னார்."

கயாக்கை யாருக்கும் விற்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். கடையில் பலகைக்கு மேலே தொங்குகிறது. தினம் காலையில் இரண்டையும் துடைக்கிறேன்.

பலகையில் நூற்று நாற்பத்திரண்டு. ஏழாவது கீறல் நூற்று அறுபத்தெட்டு.