கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

"ஐயா, அந்த டப்பாவைக் கொடுக்காதீங்க!"

சாரம்மாள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆற்றங்கரையிலிருந்த அந்த ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி அவள்.

டாக்டர் எலியேசர் அதற்குள் டப்பாவைக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் அக்கரை அக்கிரகாரத்துக் கோபாலசுப்பிரமணிய ஐயர். டாக்டர் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஐயர் தலையை ஆட்டிவிட்டு, டப்பாவை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு தோணித்துறைக்கு விரைந்தார்.

டப்பாவில் இருந்தது கிணற்று மருந்து. கரைத்து ஊற்றினால் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகும். வாந்திபேதிக் கிருமி சாகும். ஆடி அமாவாசைக் கூட்டத்தின் பின்னாலேயே நோயும் வரும் என்று, டாக்டர் பங்குனியிலேயே எழுதிக் கேட்டு வாங்கி வைத்தது. இக்கரைக் கிணறுகளுக்குப் போட்டது போக, மிஞ்சியது அந்த ஒரே டப்பா.

"அக்கரையிலே நோய் எங்க விழுந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா? அக்கிரகாரத்திலே இல்ல. அதுக்கும் அங்கிட்டு, வயல்வேலை செய்யுதவங்க தெருவிலே. அத்தனை குடிக்கும் ஒரே கிணறு, ஐயா."

"தெரியும், சாரம்மா."

"என்கிட்ட தந்தா இதே தோணியிலே நான் போயிருப்பேன்."

"போயிருப்பே. திரும்பி வந்திருக்க மாட்டே. மலையிலே மழை கொட்டுது, இதுதான் கடைசித் தோணி. வராந்தா பூராவும் கிடக்கவங்களை நான் ஒருத்தனாப் பார்க்க முடியுமா?"

"அதுக்காக? வெள்ளை வேட்டி வந்து நின்னா வாரிக் கொடுத்திருவீங்களா?"

வராந்தாவில் யாரோ ஓங்கரித்தார்கள். இருவரும் ஓடினார்கள்.

தாமிரபரணி கரையைத் தொட்டு ஓடியது. அக்கரையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. சாரம்மாள் டாக்டரிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

வராந்தா காலியாயிற்று. வெள்ளமும் வடிந்தது. தோணி விட்ட அன்று முதல் ஆளாக அவள் ஏறினாள். டாக்டரும் ஏறினார்.

வயல்காட்டுத் தெருக் கிணற்றடியில் இசக்கியம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் சாரம்மாள்தான்.

"இசக்கி, எத்தனை பேரைக் கொண்டு போச்சு?"

"முதல்ல விழுந்த பெரியவரு மட்டுந்தான்க்கா. பெறகு யாருக்கும் இல்ல."

சொல்லிக்கொண்டே இசக்கியம்மா வாளியைக் குடத்தில் சரித்தாள். கத்தரிப்பூ நிறத் தண்ணீர்!

"இது யாரு போட்டது?"

"ஐயரு சாமிதான் மருந்து கொண்டாந்தாரு. வரப்புல நின்னுக்கிட்டு என்னையக் கரைச்சு ஊத்தச் சொன்னாரு. தெனமும் விடிஞ்சதும் வந்து, 'ஒரு செம்பு மோந்து காட்டு'ங்காரு. நெறம் வெளுத்திருந்தா இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லுதாரு."

சாரம்மாள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

"அன்னைக்கு ஐயர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? 'உங்க கிணத்துக்கு ஊற்று அந்தத் தெருக் கிணத்திலே இருந்துதான் வருது. அங்க நிறம் வெளுத்தா, உங்க கிணத்திலே எவ்வளவு மருந்து போட்டாலும் பிரயோசனமில்ல'ன்னேன்."

"நெசமா ஐயா?"

"பொய்தான். கர்த்தர் மன்னிக்கட்டும். தன் கிணறுன்னாத்தானே மனுஷன் பதறுவான்?"

வரப்பில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. ஐயர் நின்றுகொண்டிருந்தார். கையில் காலி டப்பா.

"டாக்டர்வாள், நான் பிறந்ததுலேருந்து எங்காத்துக் கிணத்துத் தண்ணியைத்தான் குடிக்கறேன். ஆறு ஏறினா அது ஏறும், ஆறு இறங்கினா இறங்கும். அதோட ஊற்று ஆற்றிலேருந்து வரதுன்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"பின்னே ஏன் தினமும்...?"

ஐயர் தம் தெருப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்தத் தெருவுக்கு நான் வரணும்னா, எங்க தெருவுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? அன்னிக்கு மருந்து கேக்கத் தோணியில வரச்சே அதைத்தான் யோசிச்சுண்டே வந்தேன். நல்ல வேளை, நீங்களே மருந்தோட சேர்த்துக் கொடுத்துட்டேள்."