மட்டையின் கடைசி வரி

கனடாவில், மிசிசாகா பாக்டரி ஒன்றின் சாப்பாட்டு அறையில், ரியூப் லைற் வெளிச்சத்தில், கிறிஸ்துநாயகம் எழுந்து நிற்கிறார். போன வியாழக்கிழமை பெட்டி அடுக்குச் சரிந்து அங்கே செத்துப்போன, கூட வேலைசெய்த ரமோனின் மனைவி, அவனுடைய சாமான்களை வாங்க வந்திருக்கிறாள். அவளுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். இவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ், சாப்பாட்டு நேரத்தில் ரமோன் சொல்லிக்கொடுத்த பெயர்ச்சொற்கள்தான். அவன் ஒருமையில் சொன்னால் இவர் பன்மையில் சொல்லவேண்டும். பெட்டி, பாண், கரண்டி. ஆறுதல் சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை.

"அண்ணை, ஏதாவது கதையுங்கோவன்," என்கிறாள் கூட வேலைசெய்யும் துர்க்கா. கதைக்க வராமல், ரமோன் சொற்களை எழுதித் தந்த பெட்டி மட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார். புருசனின் கையெழுத்தைக் கண்டதும் அவள் அதை வாங்கி முதல் வரியில் விரலை வைக்கிறாள். "காஹா," என்று வாசிக்கிறாள். பெட்டி. "காஹாஸ்," என்கிறது இவருடைய பழகிய வாய். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு மெதுவாக, "பான்." பாண். "பானெஸ்." மைக்ரோவேவ் கூவி ஓய்கிறது, ஒருவரும் எழுந்து போகவில்லை. அவளுடைய விரல் கடைசி வரியில் நிற்கிறது. "லாப்பிஸ்." பென்சில். எதிரே அதன் பன்மை எழுதியில்லை. அவள் காத்திருக்கிறாள்.

"இதை நாளைக்குச் சொல்லித்தாறன் எண்டவன் ரமோன்," என்கிறார் கிறிஸ்துநாயகம், தமிழில்.