இறுக்காத மூடி

கொழிஞ்சாம்பாறையில் பூபதிராஜாவின் வீட்டுக் கூடத்துக்கு உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வந்து சில மாதம்தான் ஆகிறது. மகள் யோகப்பிரியா அடம்பிடித்து வாங்கியது. தான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இரண்டு மீன்களுக்கும் ஒரு பிடி தீனி போட்டுவிடுவாள். தண்ணீர் கெடுகிறதே என்று பூபதிராஜா தீனி டப்பாவின் மூடியை இறுக்கி வைப்பார். அந்தச் சின்னக் கைகளுக்கு அது திறக்க வராது.

காய்ச்சலில் அவள் இறந்த பிறகு, மீன்களையாவது காப்பாற்றிவிட வேண்டுமென்று தீனியைப் பாதியாகக் குறைத்தார். அப்படியும் சோதனைக் குழாயில் மருந்து விட்டுப் பார்த்த தண்ணீர், கெட்டுவருவதற்கு அடையாளமாக, வாராவாரம் சிவந்துகொண்டே போனது.

"நைட்ரேட்டு ஏறிக் கெடக்குதுங்கண்ணா. பாசத்துல அள்ளிக் கொட்டறீங்களாட்ட இருக்குது. இப்படியே போனா மீனு தங்காது" என்றார் மீன்கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து டப்பாவை எடுத்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டியது, காலியாக இருந்தது.

"நர்மதா, நீ தீனி போடறயா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் போடறதில்லீங்க. மூடிய மட்டும் தெனமும் தளர்த்தி வெக்கறேன்."

அவர் காலி டப்பாவைக் கீழே வைத்தார். திரும்பக் கடைக்குப் போய்ப் புது டப்பாவும், தண்ணீரிலிருக்கும் நைட்ரேட்டை உறிஞ்சி வளரும் கடற்பாசி இரண்டு கைப்பிடியும் வாங்கி வந்தார். பாசியைத் தொட்டிக்குள் விட்டார். டப்பாவை மூடி இறுக்காமல் பக்கத்தில் வைத்தார்.

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன்கள் இரண்டும் மேலே ஏறி வந்து சற்று நேரம் காத்திருந்தன. பிறகு, இருவரும் எழுந்து போடாத தீனியைக் கொத்தித் தின்னத் தொடங்கின.