தெய்வானையின் பரிந்துரை

அந்த இணையக் குழுவில் யாரும் தன் வாசகர்களுக்குத் தொடர்ந்து எழுதி அனுப்பும் மின்மடலைத் தானே அறிமுகப்படுத்தக் கூடாது. இன்னொருவர்தான் செய்ய வேண்டும். சுகந்தியின் மடலை யாரும் கண்டுகொள்ளவில்லை. பொறுத்துப் பார்த்தவள், தெய்வானை என்ற பொய்ப்பெயரில் தானே மறுபடியும் குழுவில் சேர்ந்து எழுதினாள்: "சுகந்தி நல்லவளாகத் தெரிய ரொம்பப் பாடுபடுகிறாள். களைத்துப்போகும் இடங்களில்தான் உண்மை பேசுகிறாள். அதற்காகவே வாசியுங்கள்."

உடனே பதில்கள் வந்தன. "தெய்வானக்கா, என்னமா எழுதுறீங்க! உங்க மடல் எங்க?" "ஒளிச்சு வச்சிருக்காங்கப்பா. ஆரம்பிங்கக்கா, முதல் ஆளா நான் வர்றேன்." சுகந்தியின் மடலுக்கு ஒருவர்கூட வாசகராகச் சேரவில்லை.

வலித்தது. ஆனாலும் தெய்வானை எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். தன்னை இவ்வளவு தெரிந்தவள் இன்னும் என்னவெல்லாம் வைத்திருப்பாள்? புதிய மடலொன்றைத் திறந்து, தெய்வானை என்று பெயரிட்டு, அவள் பேசட்டும் என்று விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தாள்.