பனிக்கடலுக்குப் போய்வந்த கிணறு

சுற்றுச்சூழல் படிப்பில் சேர்ந்த செண்பகவல்லி முதன்முதலாகக் கணினியில் ஒரு வரைபடம் போட்டாள். திண்டுக்கல் பக்கத்தில் எந்தெந்தக் கிணற்றைத் தூர்வார வேண்டும் என்று காட்டும் படம். முப்பத்தேழு கிணறுகள் ஒழுங்காகப் புள்ளிகளாய் ஊரில் போய் உட்கார்ந்தன. முப்பத்தெட்டாவதற்கு மட்டும் அட்சரேகை எண்ணையும் தீர்க்கரேகை எண்ணையும் இடம் மாற்றி அடித்துவிட்டாள். அது போய் வடதுருவப் பனிக்கடலில் விழுந்தது.

அங்கே ஒரு பனிக்கரடி இருந்தது. "தமிழ்நாடா? எண்ணை மாத்தி அடிச்சிருப்பாங்க. காலேஜ் திறந்தா வருஷத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வர்றீங்க" என்றது.

கிணற்றுக்குச் சுருக்கென்றது. "மாத்தி அடிக்கிறதாவது! அத்தனை பேர்ல என்னை மட்டும் பார்த்து அனுப்பியிருக்காங்க. மூணு வருஷமா வறண்டு கிடந்தேன். இங்கே திரும்பின பக்கமெல்லாம் தண்ணி. இனிமே இதுதான் என் ஊர்."

"ஊர்ப் படத்துல உன்னைக் காணோம்னா யார் வந்து தூர்வாருவா?"

"யாரும் வாரவே வேணாம்" என்று கிணறு ஆசையாக ஒரு வாய் குடித்தது. ஒரே உப்பு. முகம் கோணிப்போனது. கரடி கண்டும் காணாததுபோல் திரும்பிக்கொண்டது.

அதற்குள் செண்பகவல்லி தலையில் தட்டிக்கொண்டு எண்களைச் சரிசெய்தாள். கிணறு தன் தென்னந்தோப்பு ஓரத்தில் வந்து விழுந்தது.

"எங்கேப்பா போயிருந்தே?" என்று மற்ற கிணறுகள் கேட்டன.

"ஃபாரின்" என்றது அது. "அங்கேயே இருக்கச் சொல்லிக் கரடியெல்லாம் கெஞ்சிச்சு. ஊர் நல்ல ஊர்தான். நமக்குத்தான் அந்தத் தண்ணி ஒத்துக்கலை."