நிலாவின் இரும்புக் கதவு

வெளியீட்டுப் பொத்தானை அழுத்தியதும் அவன் நேராக அந்தக் கதவுக்குத்தான் போனான்.

கதவு இருப்பது ஒரு சின்ன நிலாவில். நிலா இருப்பது 'வெட்டவெளி' என்ற விண்வெளி விளையாட்டில். விளையாட்டு பிறந்தது இதே வீட்டில், இதே அறையில். நிரல் எழுதுவது அவன், வரைவது அவன் மனைவி.

அரைவேக்காடாக இருக்கும்போதே விற்பனைக்கு விட்டு, விளையாடுகிறவர்கள் சொல்லச் சொல்லக் கட்டி முடிக்கிற வகை. அப்படி விட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்று மதியம்தான் முழுப் பதிப்பு.

இந்த ஆறு வருஷத்தில் ஜனங்கள் கேட்காத வரம் இல்லை. கோளில் மழை கேட்டார்கள். மழை பெய்ததும் குடை கேட்டார்கள். குடை கொடுத்ததும், விண்வெளி உடைக்கு மேலே குடை எதற்கு, இதுகூடத் தெரியாதா என்று கேலி பேசினார்கள்.

ஆனால் எல்லோரும் சேர்ந்து கேட்டது ஒன்றுதான். அந்த நிலாவின் இரும்புக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

வெடி வைத்துப் பார்த்தார்கள். கப்பலைக் கொண்டுபோய் மோதினார்கள். ஒரு ஜோடி அதன் முன்னால் நின்று கல்யாணமே செய்துகொண்டது. அழிந்துபோன ஓர் இனத்தின் அரசி உள்ளே தூங்குகிறாள் என்று ஒரு பல் மருத்துவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

கதவுக்குப் பின்னால் இருந்தது ஓட்டை.

முதல் வருஷம் நிலாவின் தரை ஓரிடத்தில் ஒட்டவே இல்லை. அங்கே கால் வைத்தவன் நிலாவுக்குள் விழுந்துகொண்டே இருப்பான். சுவர் விரிசலை மறைக்கக் காலண்டர் மாட்டுவோமே, அந்த மாதிரி அவன் ஒரு கதவை வைத்தான். வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். 'முழுப் பதிப்பில் திறக்கும்' என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

தட்டினால் சத்தம் வேண்டுமே என்று ஒரு தட்டலையும் சேர்த்தான். டொக் டொக் டொக். சாப்பிடக் கூப்பிட மனைவி இந்த அறைக் கதவைத் தட்டிய சத்தம் அது. நன்றாக இருக்கிறதே, இன்னொரு தரம் தட்டு என்று சொல்லிப் பதிவு செய்துகொண்டான். சாப்பிடத்தான் போகவில்லை.

போன மாதம் வரை, உள்ளே எதை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டான். அரசியை வைத்தால் பல் மருத்துவரைத் தவிர எல்லோரும் திட்டுவார்கள். புதையலை வைத்தால் இவ்வளவுதானா என்பார்கள். ஓட்டை என்று குட்டு உடைந்தாலோ, ஆறு வருஷமாக நம்பிக் காத்திருந்தவர்கள் ஒரே நாளில் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். பயத்தில் தூக்கம் போயிற்று. கடைசியில் கதவை மனைவியிடம் ஒப்படைத்தான்.

ஓட்டையை அடைத்தாயா, உள்ளே என்ன வைத்தாய் என்று தினமும் நச்சரித்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"முழுப் பதிப்புல பாத்துக்குங்க."

அவன் ஊருக்கெல்லாம் சொன்ன அதே பதில். தனக்குக் கிடைத்தபோது சுருக்கென்றது.

இப்போது கதவின் முன்னால் நின்றான். மற்றவர்கள் பறந்து வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆகும். கைப்பிடியைத் திருப்பினான். திறந்தது.

விழவில்லை. காலடியில் தரை இருந்தது. கதவு அவனுக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டது.

சின்ன அறை. மேசை, பஞ்சு பிதுங்கிய நாற்காலி, ஆடை படிந்துபோன தேநீர். நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் கணினியில் கவிழ்ந்திருந்தான். சட்டையில் தோள்பட்டை ஓரம் தையல் விட்டிருந்தது.

அவன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கிட்டே போனதும் அந்த ஆள் திரும்பாமலே பேசினான். குரல் இவனுடையதேதான். கதவுக்கு வெளியே நின்று யாரோ பதிவு செய்த மாதிரி மங்கலாக இருந்தது.

"இதோ வந்துட்டேன், அஞ்சே நிமிஷம்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு வேளைதோறும் இதைக் கேட்டுவிட்டு அவள் திரும்பிப் போயிருக்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

டொக் டொக் டொக்.

விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு, தன் நாற்காலி சாயத் துள்ளி எழுந்தான். 'இதோ' என்று தொடங்கிய வாயை மூடிக்கொண்டு ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை.

அவள் கூடத்தில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் இருந்தாள். எதிரே இன்னொரு தட்டு மூடி வைத்திருந்தது. அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"நான் தட்டலீங்க. நிலாவுக்கு ஆள் வந்துட்டாங்க போல. போய்ப் பாருங்க."

மறுபடியும் தட்டல். இந்த முறை அது கணினியிலிருந்து வருவது அவனுக்கும் தெரிந்தது. இப்போது கைப்பிடியைத் திருப்பினாலே திறக்கும், ஆனால் ஆறு வருஷப் பழக்கம் யாரை விட்டது? பல் மருத்துவராகத்தான் இருக்கும். அவர் முதலில் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க அவன் எத்தனை காலமாகப் பயந்து காத்திருந்தான். ஒரு காலை அறைக்குள் வைத்தான்.

பிறகு அந்தக் காலை எடுத்துவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்தினான். உள்ளேதான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே, அவன் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் குரலே மங்கலாக 'அஞ்சே நிமிஷம்' என்றது. அப்புறம் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். வேறு யாரோ சேர்ந்துகொண்டார்கள்.

அவன் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தான். நாளைக்கே பழைய குருடி கதவைத் திறடிதான் என்று அவள் முணுமுணுத்தபடி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அவன் தட்டின் மூடியை எடுத்தான். ஆவி பறந்தது. இந்த வீட்டில் சாப்பாடு சூடாகத்தான் இருக்கும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான்.